பாலாற்றங்கரைப் பால் சொசைட்டிப் பெண்களுக்கு ஒரு மடல்

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்து ஊர்களில் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும்,

நீங்கள் ஊற்றும் பாலுக்குச் சொசைட்டி மெஷினில் இரண்டு எண் வருகிறது. ஒன்று கொழுப்பு, இன்னொன்று எஸ்என்எஃப், அதாவது கொழுப்பல்லாத திடப்பொருள். அந்த இரண்டையும் பார்த்துத்தான் உங்களுக்குக் காசு. அந்தச் சீட்டில் வராத ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். பாலில் மிகச் சிறிய அளவில் கரைந்து வரும் உலோகங்கள் அவை. சில இல்லாவிட்டால் மாடு சினை பிடிக்காது, கன்று தேறாது, பிள்ளை வளராது. சில துளிகூட இருக்கக் கூடாது. இந்த இரண்டு வகையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதை இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் மருத்துவம் பார்த்த காலமெல்லாம் கண்டிருக்கிறேன். உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. ஊர் ஊராக வர முடியாததால் எழுதுகிறேன்.

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் கால்சியம் இருக்கிறது. துத்தநாகம் 4 மில்லிகிராம் அளவில். இரும்பு அரை மில்லிகிராம் இருந்தாலே அதிகம். தாமிரம் அதற்கும் குறைவு. அயோடின், செலினியம் எல்லாம் மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் எண்ண வேண்டியவை. கோபால்ட் என்று ஒன்று உண்டு. மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை வைத்துத்தான் வைட்டமின் பி12 செய்கின்றன. இறைச்சி தொடாத வீட்டில் பிள்ளைகளுக்குப் பி12 கிடைக்க முக்கிய வழி இந்தப் பால்தான். 1930-களில் ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடற்கரையோரம் பசும்புல் நிறைந்த நிலத்திலேயே ஆடும் மாடும் மெலிந்து செத்தன. எரிக் அண்டர்வுட், ஹெட்லி மார்ஸ்டன் போன்றவர்கள் தேடிப்பார்த்தபோது அந்த மண்ணில் கோபால்ட் இல்லை என்று தெரிந்தது. வயிறு நிறையப் புல் இருந்தும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சத்து இல்லாததால் அந்த மந்தைகள் அழிந்தன.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த ஊரில் முகாம் போட்டாலும் யாராவது ஒருவர் கேட்பார்: "டேனரித் தண்ணியக் குடிக்கிற மாட்டுப் பாலில குரோமியம் இறங்குமா?" கேட்க வேண்டிய கேள்விதான். தோல் பதனிடும் டேனரிகள் ஒருபுறம் இருக்க, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மட்டுமே லட்சம் டன்னுக்கு மேல். அதன் மஞ்சள் நிறம் மழைக்குப் பிறகு தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர். ஆறு இணைதிறன் கொண்ட அந்தக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் விஷம். அந்தத் தண்ணீரை நீங்களும் குடிக்கக் கூடாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது. ஆனால் பாலைப் பொறுத்தவரை உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மாட்டின் பெருவயிற்றுக்குள் காற்றுப் புகாத சூழல் இருப்பதால் அங்கே அந்தக் குரோமியம் பெரும்பாலும் வீரியம் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிவிடுகிறது. குடலில் உறிஞ்சப்படுவதும் குறைவு, மடி வழியாக இறங்குவது அதைவிடக் குறைவு. காட்மியமும் அப்படித்தான். அது மாட்டின் சிறுநீரகத்திலும் ஈரலிலும் போய்த் தங்குமே தவிரப் பாலில் அதிகம் வராது.

அப்படியானால் டேனரித் தண்ணீரால் கறவைக்குக் கெடுதல் இல்லையா என்றால், இருக்கிறது. அது நீங்கள் பயப்படும் வழியில் வருவதில்லை. தோல் பதனிடும் வேலையில் உப்பும் சல்ஃபைடும் சல்ஃபேட்டும் ஏராளமாகச் செலவாகின்றன. அவை கலந்த நிலத்தடி நீரைக் குடிக்கும் மாட்டின் பெருவயிற்றில் கந்தகம் மிகுந்து, தீவனத்தில் இருக்கும் தாமிரத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. தீவனத்தில் தாமிரம் இருக்கும், மாட்டுக்குச் சேராது. கறுப்பு மாடு செம்பட்டை பாய்ந்து நிற்கும். கண்ணைச் சுற்றி முடி வெளுத்து மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் தெரியும். பருவத்துக்கு வராது, வந்தாலும் சினை ஊசி போட்டது நிற்காது. "மூணு தடவ ஊசி போட்டாச்சு டாக்டர், நிக்கவே இல்ல" என்று சொன்ன பெண்களிடம் போர்வெல் தண்ணீரைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாக்கில் வைத்தால் கரிக்கும், லேசாகக் கசக்கும். கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராமைத் தாண்டினாலே கறவை மாடு குடிக்கத் தயங்கும். 5,000-ஐத் தாண்டினால் கறவைக்கும் சினை மாட்டுக்கும் அதை வைக்காமலிருப்பதே நல்லது. ஒரு லிட்டர் பால் சுரக்க மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டிய விலங்குக்குத் தொட்டியில் இருப்பது அந்தத் தண்ணீர்தான் என்றால், மெஷினில் எண் குறைவதற்கு உங்கள் கை காரணமில்லை.

பாலில் உண்மையிலேயே இறங்கும் உலோகம் ஒன்று உண்டு. அது காரீயம். பேட்டரிக்குள் இருக்கும் ஈயம் அது. இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஏனென்றால் இது டேனரியிலிருந்து வருவதில்லை. நம் கொட்டகைக்குப் பின்னாலிருந்தே வருகிறது.

ஒரு ஊரில் கிடேரிக்கு வெறி பிடித்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வாயில் நுரை, பல்லை நறநறவென்று கடிக்கிறது, கண் திறந்திருந்தும் பார்வை இல்லை, சுவரில் தலையை முட்டிக்கொண்டே நிற்கிறது. நாய் கடித்ததாக யாருக்கும் நினைவில்லை. மறுநாள் விடிவதற்குள் செத்துவிட்டது. அறுத்துப் பார்த்தோம். தேன்கூடு போலக் கண் கண்ணாக இருக்கும் இரண்டாவது இரைப்பையின் குழிகளில் சாம்பல் நிறத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் எடுத்துத் தண்ணீரில் போட்டால் கனத்து அடியில் போய் உட்கார்ந்தன. கொட்டகைக்குப் பின்னால் பழைய டிராக்டர் பேட்டரி ஒன்று உடைந்து கிடந்தது. உப்புக் கரிக்கும் அந்தத் தகட்டை நக்கியும் மென்றும் விழுங்கியிருக்கிறது கிடேரி.

கிடேரி செத்தது தெரிந்தது. தெரியாதது ஒன்று அதே கொட்டகையில் நின்றது. பக்கத்துக் கட்டுத்தறிக் கறவை மாடு தீவனம் தின்றது, அசை போட்டது, பாலும் குறையவில்லை. அந்த வீட்டுக் கைக்குழந்தைக்கு அந்த மாட்டுப் பாலைத்தான் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஈயம் உடம்பில் ஏறிய கறவை மாடு பல நேரம் நோயே காட்டாது. மாட்டின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை அந்தப் பாலைக் குழந்தைக்கும் கொடுக்க வேண்டாம், சொசைட்டிக்கும் ஊற்ற வேண்டாம் என்று சொன்னேன். பால் பணம் போகிறதே என்று அந்தத் தாயின் முகம் வாடியதையும், குழந்தை என்ற சொல் காதில் விழுந்ததும் ஒன்றும் பேசாமல் சொம்பை உள்ளே எடுத்துப்போனதையும் மறக்க முடியாது.

இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ஈய, துத்தநாக ஆலைகளைச் சுற்றி வளர்ந்த மாடுகளின் ரத்தத்தையும் பாலையும் சேர்த்துப் பரிசோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.20 மைக்ரோகிராம் வரை ஈயம் இருந்தால் அது பாலில் பெரிய மாற்றம் காட்டவில்லை. அதைத் தாண்டியதும் ரத்தத்தில் ஏற ஏறப் பாலிலும் ஏறியது. ஓர் அளவு வரை மடி தடுத்து நிறுத்துகிறது, அதற்குமேல் தாங்குவதில்லை. பாலில் ஈயத்துக்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் மேல் எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். உலகப் பொதுத் தரமான கோடெக்ஸ் அளவும் அதுதான். இது எவ்வளவு நுணுக்கமான அளவு என்று பாருங்கள். ஒரே ஒரு கிராம் ஈயம் 50,000 லிட்டர் பாலை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். ஒரு கார் பேட்டரியில் இருப்பது பல கிலோ.

மாடு ஏன் போயும் போயும் பேட்டரியை நக்குகிறது என்று கேட்டால், அங்கேதான் நான் சொல்ல வந்த முடிச்சு இருக்கிறது. வெறும் நெல் வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. போதாததற்கு அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். தவிடு, புண்ணாக்கு விலை ஏறி, வைக்கோலை மட்டும் நம்பி நிற்கும் வீட்டில் மாட்டுக்குப் பாஸ்பரஸும் உப்பும் பற்றாமல் போகிறது. அப்போது அது மண்ணைத் தின்னும், துணியை மெல்லும், எலும்பைக் கடிக்கும், சுவரை நக்கும். 'இந்த மாட்டுக்குக் கெட்ட பழக்கம்' என்று அதட்டி விரட்டுகிறோம். பசியால்தான் அப்படிச் செய்கிறது. வயிற்றுப் பசி தீர்ந்த பிறகும் தீராத தாதுப் பசி அது. அந்தப் பசிதான் அதைப் பேட்டரித் தகட்டிடமும் பெயின்ட் டப்பாவிடமும் இழுத்துப்போகிறது.

அதோடு முடிவதில்லை. விழுங்கிய ஈயம் உடம்பில் ஏறுவதா வேண்டாமா என்பதும் இதே சத்துகளைப் பொறுத்தது. கால்சியம், இரும்பு, துத்தநாகம் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். குடலில் அந்தச் சத்துகளை ஏற்றும் வழிகளிலேயே ஈயமும் ஏறிக்கொள்கிறது. ஏறியது எலும்பில் போய்ப் பதியும். பத்து லிட்டர் கறக்கும் மாடு பாலில் மட்டும் தினமும் 12 கிராம் கால்சியத்தை வெளியே அனுப்புகிறது. தீவனத்தில் அது வராதபோது எலும்பைக் கரைத்துத்தான் கொடுக்கும். கன்று போட்ட முதல் வாரங்களில் இந்தக் கரைப்பு உச்சத்தில் இருக்கும். எலும்பில் பதிந்த ஈயமும் அப்போது கூடவே ரத்தத்துக்கு வரும், ரத்தத்திலிருந்து பாலுக்கு வரும். இரைப்பைக் குழியில் தகடு தங்கிவிட்ட மாட்டுக்கு உடம்பு சுத்தமாக மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம்.

இதே கதை வீட்டுக்குள்ளும் நடக்கிறது. குழந்தைக்கு ஒத்தை மாட்டுப் பால்தான் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு மாட்டைக் குறித்துவைத்து அதன் பாலை மட்டும் ஊற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. சொசைட்டிக்குப் போகும் பாலில் ஊரே கலக்கிறது. ஒரு மாட்டில் ஈயம் இருந்தாலும் டேங்கரில் கரைந்து அளவு குறைந்துவிடும். சென்னைக்காரர் குடிப்பது அந்தக் கலவைப் பாலை. உங்கள் பிள்ளை குடிப்பது கலக்காத பாலை, அதே மாட்டிடமிருந்து, தினமும். அதனால் இந்த விஷயத்தில் முதல் ஆபத்து வாங்குபவருக்கு வருவதில்லை. கறப்பவர் வீட்டுக்குத்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு வயது முடியாத குழந்தைக்குப் பசும்பாலை முக்கிய உணவாக ஊற்றாதீர்கள். அதில் இரும்பு மிகக் குறைவு. போதாததற்கு அந்த வயதில் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடியது. ரத்தசோகை வந்த குழந்தை ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவு ஈயத்துக்குத் தெரியவில்லை என்றும் அது சொல்கிறது. ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும், படிப்பைத் தாக்கும், போனது திரும்பாது. பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் போகாது. சுண்டக் காய்ச்சினால் செறிவுதான் கூடும். ஈயம் பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பனீரில் தங்கும். நெய்யில் அதிகம் போகாது.

ஈயம் வருவதற்குப் பேட்டரி மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். 1989-இல் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் பண்ணை மாடுகள் திடீரென்று நோயில் விழுந்தன. தேடிப்பார்த்தபோது பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசித் தவிட்டில் ஈயம் கலந்திருந்தது. பல பண்ணைகளின் பாலை விற்கவிடாமல் நிறுத்தினார்கள். ஆய்வுக்கூடமும் அதிகாரிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நாட்டிலேயே மாடு விழுந்த பிறகுதான் தெரிந்தது. நாமும் தவிடு வாங்குகிறோம். எந்தச் சாக்கில் வருகிறது, அந்தச் சாக்கில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பழைய ரசாயனச் சாக்கில் வரும் தீவனத்தைத் தொடவே வேண்டாம்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் அடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய டப்பாக்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன. கொம்பில் இருப்பதைவிட மிச்சம் வைத்த டப்பாதான் பெரிய ஆபத்து. கொட்டகையில் வைத்தால் கன்று அதைத்தான் முதலில் நக்கும். மஞ்சளும் காவியும் அடித்தால் போதும். மாடு அழகாகத்தான் இருக்கும்.

சட்டம் வந்தால் மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. முன்பு சாலையோரப் புல்லில் ஈயம் படிந்திருக்கும், பெட்ரோலில் அதைக் கலந்ததால். 2000-இல் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அந்த ஒரு வழி அடைபட்டது.

தாது உப்புக் கலவை பற்றிச் சிலர் மிகையாகச் சொல்லி விற்கிறார்கள். அதைத் தின்றால் பாலில் இரும்பு கூடும், கால்சியம் கூடும் என்பார்கள். கூடாது. பாலில் கால்சியமும் இரும்பும் தாமிரமும் மாட்டின் தீனிக்கேற்ப ஏறி இறங்குவதில்லை. அயோடினும் செலினியமும்தான் தீனியைப் பொறுத்து மாறும். தாது உப்பு செய்யும் வேலை வேறு. மாட்டின் எலும்பைக் காக்கிறது, சினை பிடிக்க வைக்கிறது, மண்ணும் துணியும் தின்பதை நிறுத்துகிறது, ஈயம் ஏறும் வழியைக் குறுக்குகிறது. கறவை மாட்டுக்கு நாளைக்கு 50 கிராம் என்பது நம் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லும் அளவு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அந்தந்தப் பகுதிக்கு எது பற்றாக்குறையோ அதைப் பார்த்துத் தயாரிக்கும் கலவை நல்லது. கடையில் வாங்கினால் பையின்மேல் ஐஎஸ் 1664 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கலவையில் என்ன இருக்க வேண்டும் என்பதோடு, நச்சு எவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் அந்தத் தரம் வரையறுத்திருக்கிறது. பெயரில்லாத மலிவுப் பொட்டலத்தில் விஷத்தையே காசு கொடுத்து வாங்கும் ஆபத்து உண்டு. கையில் காசில்லாத மாதத்தில் அகத்தியும் கிளைரிசிடியாவும் வேலிமசாலும் கால்சியத்துக்கு உதவும், ஒரு பிடி தவிடு பாஸ்பரஸுக்கு உதவும், தொட்டியில் போடும் கல்லுப்பு உப்புப் பசியைத் தணிக்கும்.

இவ்வளவையும் ஒவ்வொரு பெண்ணும் தனியாகச் சுமக்க முடியாது, சுமக்கவும் கூடாது. ஆற்றைக் கெடுத்தது நீங்கள் இல்லை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, கெடுத்தவர்தான் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று. 2025 ஜனவரியில் பாலாறு பற்றி மீண்டும் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டது. போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்கும் செலவை உங்கள் பால் பணத்தில் பிடிப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை. சொசைட்டி பெயரில் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனுக் கொடுங்கள். கரைந்த உப்பு, சல்ஃபேட், குரோமியம், ஈயம் நான்கையும் பரிசோதித்து எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் நீங்களே கொண்டுவரக்கூடிய தீர்மானங்களும் உண்டு. தீவனம் கொடுப்பதுபோல் தாது உப்பையும் சொசைட்டியே மொத்தமாக வாங்கிப் பால் பணத்தில் பிடித்துக்கொள்ளட்டும். உடைந்த பேட்டரி எதுவும் ஊருக்குள் கிடக்காமல், பேட்டரி விற்ற கடைக்காரரே திரும்ப எடுக்கும்படி சொசைட்டி ஏற்பாடு செய்யட்டும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி உற்பத்தியாளருக்கு உண்டு. வீட்டுப் பின்புறம் பேட்டரி உருக்கும் பட்டறை எங்காவது நடந்தால் அதன் புகை விழும் புல்லை அறுக்காதீர்கள், உடனே புகார் கொடுங்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு அருகில் மேயும் மாடுகளின் பாலை ஆண்டுக்கு ஒருமுறையாவது தனித்தனியாக ஆய்வுக்கு அனுப்பும்படி மாவட்டப் பால் ஒன்றியத்தைக் கேளுங்கள். டேங்கர் பாலை மட்டும் சோதித்துவிட்டு ஊரே சரி என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

ஆய்வுக்குப் பால் மாதிரி எடுக்கும்போது பித்தளைச் சொம்பும் தகர வாளியும் வேண்டாம், பாத்திரத்தின் உலோகமே முடிவைக் கெடுத்துவிடும். ஆய்வுக்கூடம் கொடுக்கும் பிளாஸ்டிக் குப்பியில் மடியைக் கழுவித் துடைத்துவிட்டு நேராகக் கறந்து, மாட்டின் காது வில்லை எண்ணையும் தேதியையும் எழுதி ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். ஆய்வு முடிவுச் சீட்டு வந்ததும் சொசைட்டிச் செயலாளர் மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். அந்த மாட்டுக்காரப் பெண்ணின் கையில் ஒரு நகல் கொடுக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர்